ஆண்கள் சென்ட்டுக்குக் கிளையாக வந்த பெண்கள் சென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில், அப்பா அத்தரும் சாந்தும் விற்ற கடையில் இன்று நான் சென்ட் விற்கிறேன். பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தமிழில் கேட்பார்கள். இரண்டு பாஷையிலும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுக்காரர் போடுகிற அந்த சென்ட்டிலேயே லேடீஸ் வந்திருக்காமே, அது எப்படி?" நின்று பதில் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் ஓணம் நெருங்கினால் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதைக் கிளை சென்ட் என்கிறீர்கள்?

ஒரு ஆண்கள் சென்ட் நன்றாக ஓடினால் அதே பெயரில் பெண்களுக்கும் ஒன்றைக் கம்பெனி இறக்கும். டேவிடாஃப் 1988இல் ஆண்களுக்காக கூல் வாட்டரைக் கொண்டுவந்தது, கூல் வாட்டர் வுமன் வந்தது 1996இல். பாக்கோ ரபானின் 1 மில்லியன் 2008இல் வந்தது, லேடி மில்லியன் 2010இல். க்ரீட் கம்பெனியின் அவென்டஸ் 2010, அவென்டஸ் ஃபார் ஹர் 2016. அண்ணன் பெயர் ஊரெல்லாம் தெரிந்த பிறகு தங்கை வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். கெர்லானின் ஷாலிமார் 1925இல் பெண்களுக்காக வந்தது. நாற்பது வருஷம் கழித்து, 1965இல், அதன் சாயலில் ஆண்களுக்கு அபி ரூஜ் வந்தது. நம் தாத்தாமார் சவரம் செய்துவிட்டுக் கன்னத்தில் தட்டிக்கொண்ட ஓல்ட் ஸ்பைஸ் கூட 1937இல் முதலில் பெண்களுக்காகத்தான் விற்பனைக்கு வந்தது. ஆண்களுக்கானது அடுத்த வருஷம், 1938இல். இதைச் சொன்னால் கடையில் யாரும் முதலில் நம்புவதில்லை.

அப்படியென்றால் ஆண் வாசம், பெண் வாசம் என்று ஒன்று இல்லவே இல்லையா?

பழக்கம் இருக்கிறது. இயற்கையில் அப்படி ஒரு கோடு இல்லை. நம் ஊரில் ஆணும் பெண்ணும் சந்தனம் பூசுகிறார்கள். சாமிக்குப் போட்ட பிச்சிப்பூ மாலை பூசாரி கைக்கு வந்தால் அதை யாரும் பெண் வாசம் என்று ஒதுக்குவதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். மல்லிகைப் பூவில் இருக்கும் ஒரு வாசப்பொருளைக் கொஞ்சம் மாற்றிச் செயற்கையாகச் செய்த பொருளுக்கு ஹெடியோன் என்று பெயர். அதை உலகத்துக்குக் காட்டியது டியோரின் ஓ சவாஜ், 1966இல் எட்மோன் ரூத்னிட்ஸ்கா செய்த ஆண்கள் சென்ட். எலுமிச்சைக்கு நடுவே அந்த மல்லிகைக் காற்று இருப்பதால்தான் அது இன்றும் பேசப்படுகிறது. அதே மனிதர் 1972இல் டியோருக்காகவே பெண்களுக்கு டியோரெல்லாவைச் செய்தார். இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் ஒரே கை என்று தெரிந்துவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே அவர் சுவர் எழுப்பவில்லை. ஒரு கிளை சென்ட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

பெண்களுக்கென்று மாற்றும்போது உள்ளே என்ன செய்கிறார்கள்?

ஆண்கள் சென்ட்டில் பெரும் பகுதி ஒரே எலும்புக்கூட்டின் மேல் நிற்கிறது: மேலே லாவெண்டரோ எலுமிச்சை வகையோ, அடியில் கூமரின், மரப்பாசி, மரம். 1882இல் ஊபிகான் கம்பெனியின் ஃபூஜேர் ரோயால் தொடங்கி வைத்த வழி இது. கூமரின் என்பது காய்ந்த புல்லின் வாசம். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

பெண்களுக்கு மாற்றும்போது பொதுவாக லாவெண்டரை எடுத்துவிட்டுப் பழத்தை வைப்பார்கள், நடுவில் பூவைக் கூட்டுவார்கள், அடியில் மரத்தைக் குறைத்து வனிலாவும் வெள்ளைக் கஸ்தூரி என்கிற செயற்கைக் கஸ்தூரி வாசமும் சேர்ப்பார்கள். கூல் வாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பாட்டிலில் புதினா, லாவெண்டர், அப்புறம் டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருள். சலவைத் தூளிலும் அது சேரும், அதனால்தான் அந்த சென்ட்டை அடித்தவுடன் துவைத்துக் காயவைத்த துணி நினைவுக்கு வருகிறது. பெண்கள் பாட்டிலில் முலாம்பழமும் தாமரையும் வந்து உட்கார்ந்தன, அந்தத் தண்ணீர் வாசம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டையும் செய்தவர் பியர் பூர்தோன். அந்த மாற்றத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஒரே கடலை இன்னொரு கரையில் நின்று பார்த்த மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடிக்காதது எது என்றால், அசலை எடுத்து அதில் சர்க்கரையைக் கொட்டுவது. பெண் என்றால் இனிப்பு வேண்டும் என்று யாரோ முடிவு செய்து விடுகிறார்கள். ராஸ்பெர்ரி, கேரமல், வனிலா மூன்றையும் போட்டு, பாட்டிலுக்கு ரோஸ் கலர் பூசி, பெயரில் ஒரு லேடியைச் சேர்த்துவிட்டால் தங்கை பிறந்துவிட மாட்டாள். என் கவுன்டருக்கு வருகிற பெண்கள் நர்ஸ், டீச்சர், ரப்பர் வெட்டப் போகிறவர், முந்திரி ஆலையில் வேலை செய்கிறவர். அவர்களில் பாதிப் பேருக்கு இனிப்பு வாசம் தலைவலி தரும். கேட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

அசலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளையை முகர வேண்டுமா?

மாற்றிச் செய்யுங்கள். கிளையை முதலில். பெயரையும் மறந்து, பாட்டிலையும் பார்க்காமல். யாராவது பேப்பர் ஸ்ட்ரிப்பில் அடித்துக் கொடுக்கட்டும். "இதை வேறு பெயரில் விற்றால் வாங்குவேனா?" என்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடலாம், அண்ணன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

ஆம் என்றால் அப்புறம் அசலை முகருங்கள். இப்போது பார்க்க வேண்டியது உறவு. முகம் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை, நடை ஒத்துப்போனால் போதும். லேடி மில்லியனை முகர்ந்தால் ஆரஞ்சுப்பூ, தேன், பச்சோலி இலை. 1 மில்லியனில் கருவாப்பட்டையும் பதனிட்ட தோல் வாசமும். வாசத்தில் இரண்டுக்கும் சொந்தம் குறைவு. ஒன்றுக்குத் தங்கக் கட்டி பாட்டில், மற்றதற்கு வைரம் மாதிரி வெட்டிய பாட்டில். உறவு அங்கேதான். ஆனால் அந்த ஆரஞ்சுப்பூவும் தேனும் தன் காலில் நிற்கிறது, அதனால் என் கணக்கில் அது தேறிவிட்டது. பெயருக்காக வாங்குகிறவர்கள் மட்டும் "அவரோட வாசம் இதில் இல்லையே" என்று திரும்பி வருவார்கள்.

அவென்டஸ் ஃபார் ஹரிலும் இதே கதைதான். அண்ணனை எல்லோரும் அன்னாசிக்காகவும் புகை வாசத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தங்கையில் பச்சை ஆப்பிளும் ரோஜாவும். அன்னாசியை எதிர்பார்த்து அவ்வளவு விலை கொடுத்தால் ஏமாற்றம்தான், ரோஜாவை எதிர்பார்த்தால் இல்லை.

கடையில் எப்படி முகர்ந்து பார்ப்பது?

போன வருஷம் ஓணத்துக்கு முன்னால் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர், அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். "சேச்சி, இதின்டெ லேடீஸ் உண்டோ" என்று அவர் பாட்டிலைக் காட்டினார். இருந்தது. அந்த அம்மா இடது மணிக்கட்டில் அவருடையதை அடித்தார், வலது மணிக்கட்டில் லேடீஸை. உடனே இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். தேய்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், அப்புறம் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

"போய் எதிரே டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினேன். அரைமணி கழித்து வந்தபோது அந்த அம்மா வலது கையை மூக்கருகே வைத்துக் கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் இடது கையை வைத்தார், அதை எடுக்கவே இல்லை. கடைசியில் அவருடைய பாட்டிலிலேயே இன்னொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சென்ட். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அதனால் ஒரு நாளில் இரண்டு, அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் மூக்கு ஒத்துழைக்காது. பேப்பர் ஸ்ட்ரிப்பை மட்டும் வைத்து வாங்க முடிவு செய்யாதீர்கள், பேப்பருக்கு வியர்க்காது. அடித்த முதல் நிமிஷம் வருவது ஆல்கஹாலும் எலுமிச்சை வகையும்தான். பூ தெரியப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். மரமும் கஸ்தூரியும் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல். சென்ட் விற்கிறவர்கள் முதல் நிமிஷத்தை அழகாக்கி வைப்பார்கள், ஏனென்றால் வாங்குகிறவர் அந்த ஒரு நிமிஷத்தில்தான் பர்ஸைத் திறக்கிறார். கிளை சென்ட்டுகளில் முதல் நிமிஷப் பழவாசம் குறிப்பாகப் பலமாக இருக்கும். அது போன பிறகு மிச்சம் என்ன என்று பாருங்கள். அண்ணனின் எலும்பு இருந்தால் அங்கேதான் தட்டுப்படும்.

நடுவில் காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியுமா?

காப்பியும் ஒரு வாசம்தானே. வாசலுக்கு வந்து வெளிக்காற்றை இழுங்கள், அல்லது சென்ட் படாத உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எது தாங்கும்?

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றில் ஈரம் குறையாத ஊர். சூட்டில் சென்ட் வேகமாக எழும்பும், அதனால் கனமான இனிப்பு ஒரு மூடிய பஸ்ஸுக்குள் பக்கத்து சீட்டுக்காரரைத் திணறடிக்கும். லேசான எலுமிச்சை வகை தக்கலை தாண்டுவதற்குள் காணாமல் போகும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வருத்தம். ஒரு டீச்சருக்கு ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த என் கடையில் பேப்பரில் அடித்துக் காட்டி, "இது உங்களுக்குத்தான்" என்று ஒரு கிளை சென்ட்டைக் கொடுத்தேன். விலை அவருடைய சம்பளத்துக்கு அதிகம். ஒரு வாரம் கழித்து வந்தார். "காலையில் பூ மாதிரி இருக்கு. பதினோரு மணிக்கு, மூன்றாவது பீரியட்ல, என் மேலிருந்து பாகு காய்ச்சுற வாசம் வருது" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. மறுநாள் நானே கையில் அடித்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய் வந்து பார்த்தேன். பூ அரைமணியில் போய்விட்டது, வனிலா மட்டும் வியர்வையில் கிடந்து கொதித்தது. அன்றிலிருந்து நான் வெயிலில் நடந்து பார்க்காத எதையும் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

நீங்களும் கடையில் முகர்ந்து பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் பாட்டிலில் அடித்துக்கொண்டு வெளியே போங்கள். சந்தைக்குப் போங்கள், பஸ் ஏறுங்கள். மூன்று மணி நேரம் கழித்தும் கை உங்களுக்குப் பிடித்தால் திரும்பி வந்து வாங்குங்கள். அன்றே வாங்கச் சொல்லி வற்புறுத்துகிற கடை எதுவானாலும் அங்கே வாங்காதீர்கள்.

தலையில் பூ வைத்திருந்தால் சென்ட் தெரியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. தோவாளைப் பூச்சந்தைக்கு விடிவதற்கு முன்னால் போயிருக்கிறீர்களா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசிக்கொண்டிருக்கும்போதும் அங்கே பிச்சிப்பூ வாசம் அசையாமல் நிற்கும். பிச்சி சாயங்காலம் விரிகிற பூ. மொட்டாக இருக்கும்போது பச்சை வாசம், விரிந்ததும் தேன், மறுநாள் காலையில் வாடும்போது கொஞ்சம் மிருக வாசம். இண்டோல் என்ற பொருள் மல்லிகை இனத்தில் இருக்கிறது, அந்தக் கனத்துக்கு அதுவும் ஒரு காரணம். இண்டோலை எடுத்துவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு மாதிரி ஆகிவிடும்.

பெண்கள் சென்ட்டின் பெட்டியில் "மல்லிகை" என்று அச்சடித்திருந்தால் நம் ஊர்ப் பெண்களை ஏமாற்றுவது கஷ்டம். பிச்சியைச் சூடி வளர்ந்த மூக்குக்கு உயிரில்லாத மல்லிகை உடனே தெரியும். பல கிளை சென்ட்டுகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. ஆண்கள் சென்ட்டின் மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த மாதிரி கழுவித் துடைத்த பூவை வைத்திருப்பார்கள். நான் ஒரு முழம் பிச்சியைக் கவுன்டரில் வைத்துப் பக்கத்தில் சென்ட்டை அடித்துப் பார்ப்பேன். பூவுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

சரி, நேரடிப் பதில்: சென்ட் வாங்கப் போகும் அன்று தலையில் பூ வேண்டாம், அது எல்லாவற்றையும் மூடிவிடும். தேங்காய் எண்ணெயும் அப்படியே. பூ வைக்கும் நாளில் சென்ட் போடுவதானால் பூவோடு போட்டி போடாத மரவாசமோ சந்தனமோ நல்லது. அதற்குப் பல நேரம் அண்ணனின் பாட்டில்தான் கைகொடுக்கும், தங்கையினுடையது இல்லை.

சந்தனம் என்று எழுதியிருந்தால் நிஜச் சந்தனமா?

அநேகமாக இல்லை. கேரளத்தில் மறையூரில் சந்தனக் காடு இருக்கிறது, வனத்துறை மரத்தை ஏலம் விடுகிறது, அதன் விலையைக் கேட்டால் ஒரு சாதாரண சென்ட்டில் எவ்வளவு எண்ணெய் போக முடியும் என்று உங்களுக்கே புரியும். செயற்கைச் சந்தன வாசங்கள் பல இருக்கின்றன, அவற்றில் அருமையானவையும் உண்டு. செயற்கை என்பது மட்டுமே குறையில்லை.

ஈ.டி.டி., ஈ.டி.பி. வித்தியாசம் முக்கியமா?

ஈ.டி.டி. என்பது ஓ டி டாய்லெட், ஈ.டி.பி. என்பது ஓ டி பார்ஃபம். ஈ.டி.பி.யில் வாச எண்ணெய் பொதுவாக அதிகம், அதனால் அதிக நேரம் நிற்கும். ஆண்கள் பாட்டில் ஈ.டி.டி.யாகவும் பெண்கள் பாட்டில் ஈ.டி.பி.யாகவும் இருந்தால் "லேடீஸ் நல்லா நிற்குது" என்று தோன்றும். அது எண்ணெயின் அளவு, தரத்தின் அளவு இல்லை. விலையைப் பார்க்கும்போது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள், பாட்டில் அளவுகள் வேறு வேறாக இருக்கும்.

எல்லோரும் மணக்கிறது என்கிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். தினம் போட்டால் உங்கள் மூக்கு அதற்குப் பழகிவிடும். மற்றது, சில செயற்கைக் கஸ்தூரிகள் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. மூக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. பெண்கள் சென்ட்டுகளின் அடியில் வெள்ளைக் கஸ்தூரி நிறைய இருப்பதால் "அரைமணியில் போயிடுச்சு" என்ற புகார் அதில் அதிகம் வரும். வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள். இன்னும் நாலு தடவை அடித்துக்கொள்ள வேண்டாம்.

அவருடைய ஆண்கள் சென்ட்டையே நான் போடலாமா?

தாராளமாகப் போடலாம். தோலுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. நான் அப்பாவின் அத்தர் பெட்டியில் வளர்ந்தவள். அதில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்று தட்டு இருந்ததில்லை. ரோஜா, கேவ்டா என்கிற தாழம்பூ, ஊது என்கிற அகில், சந்தனம் என்றுதான் இருந்தது. மாப்பிள்ளை ரோஜா அத்தர் வாங்குவார், பாட்டியம்மா ஊது வாங்குவார்.

கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது, ஒரிஜினலா என்று பார்த்துச் சொல்வீர்களா?

பெட்டியிலும் பாட்டிலின் அடியிலும் உள்ள பேட்ச் எண் ஒன்றாக இருக்க வேண்டும். மூடி தளராமல் உட்கார வேண்டும், ஸ்ப்ரே மூடுபனி மாதிரி வர வேண்டும், துளித்துளியாக இல்லை. இதெல்லாம் சரியாக இருந்தும் போலியாக இருக்கலாம், அதனால் நான் சத்தியம் செய்வதில்லை. இன்னொன்று: ஒரே சென்ட் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும். ஓக் மரப்பாசியில் சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள் இருப்பதால் அதன் அளவுக்குக் கட்டுப்பாடு வந்தது, பழைய சென்ட்டுகள் பலவற்றின் செய்முறை திருத்தப்பட்டது. "முன்னே மாதிரி இல்லை" என்பவர்கள் எல்லோரிடமும் இருப்பது டூப்ளிகேட் இல்லை.

எங்கே அடிக்கக் கூடாது?

கசவு முண்டிலும் வெள்ளைப் பட்டிலும் நேராக அடிக்காதீர்கள், நிறமுள்ள சென்ட் கறை விடும். முத்து மாலை போடுவதற்கு முன்பே சென்ட் அடித்து உலரவிடுங்கள், ஆல்கஹால் முத்தின் பளபளப்பைக் கெடுக்கும். பெர்கமோட் என்கிற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயில் வெயில் பட்டால் தோலைக் கருக்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. பல சென்ட்டுகளில் இன்று அதை நீக்கிவிட்டே சேர்க்கிறார்கள். ஆனாலும் கழுத்தில் அடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நிற்க வேண்டாம். காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில், உள்பாவாடை ஓரத்தில் அடிக்கலாம்.

பரிசாக அவருக்கும் அவளுக்கும் ஜோடி வாங்கலாமா?

ஜோடிப் பெட்டி பார்க்க அழகு. ஆனால் அவருக்குப் பிடித்தது என்பதால் அவளுக்கும் தங்கை பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். கல்யாணப் பெண்ணுக்கு வாங்குவதானால் அந்தப் பெண்ணையே அழைத்து வாருங்கள். புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் குறைவு, டெஸ்டர் எல்லாம் வெளியே எடுத்து வைத்திருப்பேன். தலையில் பூ வைக்காமல் வரச் சொல்லுங்கள்.